காலி மனையின் மண்ணும் அண்டை வீட்டாரின் உரிமையும்

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைவரையிலான 24 மணி நேரத்தில் நம் நகரில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை கொட்டியது. அதற்கு முன்னர் நாம் பெருமழை என்று நினைவில் வைத்திருந்தது 2004 அக்டோபர் 31 அன்று பெய்த 21 சென்டிமீட்டர் மழையைத்தான். கிருஷ்ணா நகர்த் தெருக்களில் இராணுவத்தினர் இறங்கி, வீடுகளுக்குள் சிக்கியிருந்த மக்களை மீட்டார்கள். நீர் வடிந்த பிறகு நாம் வாய்க்கால்களைப் பற்றிப் பேசினோம். மின்மோட்டார்களைப் பற்றிப் பேசினோம். அரசைக் குறை சொன்னோம். அவற்றில் பலவும் பேச வேண்டியவைதாம். ஆயினும், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு வீடுகளுக்கு இடையில் கிடக்கும் காலி மனையைப் பற்றி மட்டும் யாரும் வாய்திறக்கவில்லை.

அந்தக் காலி மனைகளில் கணிசமானவை நம்முடையவை. துபாயிலும் ஜித்தாவிலும் உழைத்த தம்பி வாங்கிப் போட்டது. பிரான்சில் குடியிருக்கும் பெரியப்பா ஓய்வுக்காலத்திற்கென வைத்திருப்பது. மகளின் நிக்காஹ்வுக்கு உதவும் என்று தந்தை பத்திரப்படுத்தியது. வாங்கிய நாளில் ஒருமுறை போய்ப் பார்த்து, நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டு வந்தால் அத்துடன் நம் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் மழை பெய்யும்போது அந்த மனை சும்மா கிடப்பதில்லை. நீரை வாங்கி உள்ளே அனுப்புகிறது. அல்லது வாங்க மறுத்துப் பக்கத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. இவ்விரண்டில் எது நடக்கிறது என்பது பெரும்பாலும் அதன் உரிமையாளர் மண்ணை எப்படி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆகவே இது மார்க்கத்தில் அண்டை வீட்டாருக்குரிய ஹக் தொடர்பான கேள்வியுமாகும்.

மண் நீரைக் குடிப்பது எப்படி?

மண் என்பது கெட்டியான பொருள் போலத் தோன்றினாலும், நல்ல மண்ணின் பருமனில் ஏறக்குறைய பாதி வெற்றிடமே. மணிகளுக்கும் கட்டிகளுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிகளில் காற்றும் நீரும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. பெரிய இடைவெளிகள் வழியாக நீர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். சிறிய இடைவெளிகள் நீரைப் பிடித்து வைத்துச் செடிகளுக்குக் கொடுக்கும். மணலில் பெரிய இடைவெளிகள் மிகுதி. எனவே நீர் விரைந்து இறங்குகிறது. களிமண்ணில் எல்லாமே நுண்ணிய துளைகள். நீர் தயங்கித் தயங்கியே நுழைகிறது.

நீர்ப்பாசன நூல்கள் தரும் பொதுவான அளவுகள் இவை: மணல் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் நீரை உள்வாங்கும். மணல் கலந்த வண்டல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரையும், வண்டல் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரையும் வாங்கும். களிமண்ணோ 1 முதல் 5 மில்லிமீட்டர் வரைதான். இவை மண் ஈரமாகிச் சீரான நிலைக்கு வந்தபின் உள்ள வேகங்கள். காய்ந்த மண் தொடக்கத்தில் இதைவிட விரைவாகவே குடிக்கும்.

இந்தக் கணக்கை நம் மனைக்குப் பொருத்திப் பார்ப்போம். 30 அடிக்கு 40 அடி மனை என்பது ஏறத்தாழ 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் மீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். மணிக்கு 15 மில்லிமீட்டர் உள்வாங்கும் மண் அந்த மனையில் இருந்தால், ஒவ்வொரு மணி நேரமும் சுமார் 1,665 லிட்டர் நீர் தெருவுக்கு வராமல் மண்ணுக்குள் போய்விடும். அதே மனை முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால், அந்த 1,665 லிட்டரும் தெருவில்தான் நிற்கும். ஒரு தெருவில் இத்தகைய மனைகள் ஐந்து இருந்தால் வேறுபாடு மணிக்கு 8,000 லிட்டரைத் தாண்டுகிறது. பெரிய லாரித் தொட்டி ஒன்றின் கொள்ளளவுக்கு நெருங்கிய நீர் இது.

மண்ணின் வகை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது. புல்லின் வேர் செத்து மட்கினால் அங்கே ஒரு சிறு குழாய் உண்டாகிறது. மண்புழு போன வழியெல்லாம் நீர் போகும் வழி. இலைமட்கு மண்ணைப் பொலபொலவென்று ஆக்குகிறது. புல்பூண்டு எதுவும் இல்லாத வெற்றுத் தரையில் மழைத்துளிகள் நேரே மோதி, நுண்மண்ணைக் கரைத்துத் துளைகளை அடைத்துவிடுகின்றன. மேலே மெல்லிய ஓடு போல ஒரு படலம் உண்டாகிறது. அதன்பின் அடியில் நல்ல மணலே இருந்தாலும் நீர் மேலேயே ஓடிவிடும். மனையைச் 'சுத்தமாக' வைப்பதாக எண்ணி ஒரு புல்லும் இல்லாமல் பொக்லைன் விட்டு வழித்தெடுப்பதன் விளைவு இதுவே.

அழுத்தம் இதைவிடக் கொடியது. கனரக வண்டிகள் ஏறும்போது முதலில் நசுங்குபவை, நீரை வேகமாக இறக்கும் பெரிய இடைவெளிகளே. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மணற்பாங்கான நிலங்களில் செய்யப்பட்டு 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டுமானப் பணிகளால் மண் அழுந்தியபோது நீரை உள்வாங்கும் வேகம் 70 முதல் 99 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. மணல் எப்படியும் நீரைக் குடித்துவிடும் என்ற நம் நம்பிக்கையை இந்த ஆய்வு அசைக்கிறது. ஒரு மனையைப் பக்கத்து வீட்டுக் கட்டுமானத்துக்கு ஜல்லியும் செங்கல்லும் இறக்க ஓராண்டு கொடுத்தால், லாரிச் சக்கரங்கள் அதன் துளைகளை மூடிவிட்டுப் போகின்றன. வெளியே பார்க்க அது அதே காலி மனைதான். உள்ளே அது பாதி சிமெண்டுத் தளம்.

ஒரே ஊர், பல மண்

புதுச்சேரியின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. கடற்கரையை ஒட்டி மணல். வடமேற்கே கோரிமேடு முதல் காலாப்பட்டு நோக்கி நீளும் மேட்டுநிலத்தில் செம்மண். அதன் அடியில் கடலூர் மணற்கல் எனப்படும் பாறையடுக்கு. வில்லியனூரை ஒட்டிச் சங்கராபரணி ஆறு கொண்டுவந்த வண்டல். தெற்கே பாகூர்ப் பக்கம் நெல் விளையும் கனத்த களிமண். ஒரே மழை இந்த நிலங்களில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கிறது. மேட்டுச் செம்மண்ணில் சரிவு இருப்பதால், நீர் இறங்குவதற்குள் ஓடிவிடும். அதைத் தடுத்து நிறுத்தினாலே போதும். தாழ்ந்த களிமண் நிலத்தில் நீர் நிற்கும், ஆனால் இறங்காது. கடலோர மணலில் நீர் எளிதாக இறங்கும்; ஆனால் நவம்பர் மாதத்தில் நிலத்தடி நீர்மட்டமே மேலேறி நின்றால், இறங்குவதற்கு இடமிருக்காது.

நம் ஊருக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை சராசரியாக 1,200 முதல் 1,300 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் வந்து முடிந்துவிடுகிறது. முன்னோர்கள் இதை அறிந்தே ஊசுட்டேரி, பாகூர் ஏரி போன்ற ஏரிகளையும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களையும் வைத்திருந்தார்கள். நகரம் மேற்கே விரிந்தபோது, வயலும் தாங்கலுமாக இருந்த தாழ்நிலங்களில் புதிய நகர்கள் எழுந்தன. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், பாவாணர் நகர், பூமியான்பேட்டை, இந்திரா காந்தி சதுக்கம் ஆகிய பெயர்கள் ஒவ்வொரு பருவமழையிலும் செய்தித்தாளில் வருவதற்கு, அவ்விடங்கள் தாழ்ந்திருப்பதே முதற்காரணம்.

புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரையே. முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்த வரலாற்றை நினைவூட்டவே பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட அந்த மண்டபம் இன்று நம் அரசின் சின்னம். ஆயி என்ற பெண்மணி தான் வாழ்ந்த மாளிகையை இடித்து, அந்த இடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வீடு இருந்த இடத்தை நீருக்குக் கொடுத்த ஒருத்தியின் பெயரைச் சின்னமாகக் கொண்ட ஊரில், நீர் இருந்த இடங்களையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம்.

கடலோர ஊருக்கு நிலத்தடி நீர் வேறொரு காவலையும் செய்கிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்புநீர் எடை மிகுந்தது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், அதற்குக் கீழே உப்புநீர் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்குத் தள்ளி நிறுத்தப்படும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. இதையே திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு மீட்டர் நீர்மட்டம் குறையும்போது கீழே உப்புநீர் பல மடங்கு மேலேறி வர வழி கிடைக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் உப்புக் கரிக்கிறது என்று குடும்பத்தலைவிகள் சொல்லும்போது, அந்தக் கதையின் மறுபாதி மேலே சிமெண்டு பூசப்பட்ட முற்றங்களிலும் இருக்கிறது. திருக்குர்ஆன் 23:18 வசனம், அல்லாஹ் வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி அதைப் பூமியில் தங்கச் செய்வதையும், அதைப் போக்கிவிட அவன் ஆற்றலுடையவன் என்பதையும் நமக்கு நினைவூட்டுகிறது. தங்கச் செய்யப்படும் இடம் பூமி. அதன் வாயிலை அடைப்பவர்கள் நாம்.

மேடாக்கும் பழக்கம்

இப்போது நம் தெருக்களில் நடப்பதைப் பார்ப்போம். சாலையைச் சுரண்டாமலே அதன் மேல் புதிய தார் போடுகிறார்கள், சாலை உயர்கிறது. தாழ்ந்துபோன வீட்டுக்குள் நீர் வருகிறது. அடுத்து வீடு கட்டுபவர் எச்சரிக்கையடைந்து, தம் மனை முழுவதையும் சவுடு மண்ணாலும் கட்டட இடிபாடுகளாலும் சாலையைவிட மூன்றடி உயர்த்துகிறார். அவர் மனையில் விழும் நீர் இப்போது பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கி ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வசதி உள்ளவரானால் தாமும் உயர்த்துவார். வசதியற்றவர், விதவைத் தாய், வாடகைக்கு இருப்பவர் ஆகியோர் வீட்டில்தான் கடைசியில் நீர் நிற்கும். வெள்ளத்தை வெல்லும் இந்தப் போட்டியில் எப்போதும் தோற்பவர் ஏழையே.

தன் வீட்டைக் காத்துக்கொள்ள ஒருவர் மேடாக்குவதில் குற்றம் காண நாம் வரவில்லை. கைக்குழந்தையுடன் இடுப்பளவு நீரில் நின்ற குடும்பத்துக்கு அந்த அச்சம் நியாயமானது. ஆனால் உயர வேண்டியது வீடு நிற்கும் அடித்தளம் மட்டுமே. மனை முழுவதும் உயர வேண்டியதில்லை. அடித்தளத்தை உயர்த்தி, சுற்றியுள்ள முற்றத்தையும் தோட்டத்தையும் தாழ்வாகவே விட்டால், நம் கூரையிலிருந்து விழும் நீர் நம் மண்ணிலேயே முதலில் தேங்கி இறங்கும். மிஞ்சியது மட்டும் வாய்க்காலுக்குப் போகும். நம் வீடும் பிழைக்கும். அண்டை வீடும் பிழைக்கும்.

பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த அடிப்படை விதி. அண்டைவீட்டு நீர்ப் பிரச்சினையில் அவர்கள் நேரடியாகவே தீர்ப்பளித்த நிகழ்ச்சி புகாரியில் இடம்பெற்றுள்ளது. மதீனாவின் ஹர்ரா பகுதி வாய்க்கால் குறித்து ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு ஏற்பட்டது. மேல்மடையில் இருந்த ஜுபைர் (ரலி) தம் தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டையாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பதே நபிகளாரின் முதல் அறிவுரை. அது நீர் குறைவான ஊர். அங்கே அநீதி என்பது நீரைத் தடுப்பது. மழைக்காலத்துப் புதுச்சேரியில் அநீதி என்பது நீரைத் தள்ளிவிடுவது. மேலே இருப்பவர் தம் கீழே இருப்பவரை நினைத்தே நீரைக் கையாள வேண்டும் என்ற நெறி இரண்டுக்கும் பொருந்துகிறது.

நம் ஊரின் சட்ட வரலாறும் இதையே சொல்கிறது. 1819இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் 640ஆம் பிரிவு, மேல்நிலத்திலிருந்து இயற்கையாக வழியும் நீரைக் கீழ்நிலம் ஏற்க வேண்டும் என்கிறது. மனிதக் கை படாமல் இயல்பாக வரும் நீருக்கே அது பொருந்தும். கீழ்நிலத்துக்காரர் கரை கட்டித் தடுக்கக் கூடாது. மேல்நிலத்துக்காரர் கீழ்நிலத்தின் சுமையைக் கூட்டும் எதையும் செய்யக் கூடாது. 681ஆம் பிரிவு, ஒருவரது கூரைநீர் அவருடைய நிலத்திலோ பொதுவழியிலோ விழ வேண்டுமேயன்றி, அண்டையார் நிலத்தில் விழக் கூடாது என்கிறது. மண்ணை வெட்டி உயர்த்தி நீரின் போக்கை மாற்றும் செயல் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கும் எதிரானதே. வேறு வேறு நாடுகளில், வேறு வேறு நூற்றாண்டுகளில், நியாய உணர்வு ஒரே இடத்தை வந்து சேர்ந்திருக்கிறது.

சில ஐயங்கள்

"46 சென்டிமீட்டர் மழையை ஒரு காலி மனை குடித்துவிடுமா?" என்று கேட்பார்கள். குடிக்காது. 30 அடிக்கு 40 அடி மனையில் அன்று விழுந்த நீர் மட்டுமே 51,000 லிட்டர். அத்தகைய நாளில் மண் நிறைந்துவிடும். அதன் பிறகு வாய்க்காலும் மோட்டாரும்தான் துணை. அதே வாரத்தில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பகுதி மூழ்கியது. அந்த வெள்ளத்துக்கும் நம் மனை மண்ணுக்கும் தொடர்பில்லை. ஆனால் பருவமழை நாட்களில் மிகுதியானவை இரண்டு, மூன்று, ஐந்து சென்டிமீட்டர் மழை நாட்கள். இந்திரா காந்தி சதுக்கம் குளமாவதற்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அந்த மழைகளில் ஒவ்வொரு மனையும் தன் பங்கை எடுத்துக்கொண்டால், பெருமழை வரும்போது வாய்க்கால் சற்றேனும் காலியாக இருக்கும்.

"காலி மனையில் நீர் நின்றால் கொசு பெருகும், டெங்கு வரும்" என்பது தாய்மார்களின் கவலை. அதில் உண்மை உண்டு. கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் நீர் நிற்க வேண்டும். இரண்டு நாட்களில் நீர் வடிந்துவிடும் மண்ணில் அது பிழைக்க முடியாது. மேலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், நெகிழிக் கோப்பை போன்றவற்றில் தங்கும் நீரையே. மனையில் குப்பை கொட்டியிருப்பதுதான் டெங்குவுக்கு அழைப்பு. குப்பையை அகற்றுங்கள், புல்லை அகற்றாதீர்கள். நீர் நான்கைந்து நாட்கள் வற்றாமல் நின்றால், அந்த மண் அழுந்திப்போய்விட்டது, அல்லது அடியில் இடிபாடு புதைந்திருக்கிறது, அல்லது நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிட்டது என்று பொருள். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவதற்கு, அந்த மனையின் நீர் வாய்க்காலை அடைய வழி செய்துதான் ஆக வேண்டும்.

"நாளை வீடு கட்டப்போகும் இடத்தில் எதற்கு இத்தனை அக்கறை?" என்பது மூன்றாவது கேள்வி. நாளை என்று சொல்லி 15 ஆண்டுகள் கிடக்கும் மனைகளை நாம் அறிவோம். 15 ஆண்டுகள் என்றால் 15 பருவமழைகள்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் மண்ணைச் சோதிக்கலாம். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். மனையில் ஓரடி ஆழம், ஒரு சாண் அகலத்துக்குக் குழி தோண்டுங்கள். நீரை நிரப்பி ஊறவிடுங்கள். வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் நல்ல மண். அசையாமல் நின்றால் மண் அடைபட்டிருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப்போய் அவர்கள் கையாலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள். தம் குடும்பத்து நிலத்தின் குணத்தை அவர்களும் அறிந்துகொள்வார்கள்.

அடைபட்ட மண்ணைத் திறக்க, மழைக்கு முன்பு கடப்பாரையாலோ மண்வெட்டியாலோ ஆழமாகக் கொத்திவிட்டு, மட்கிய எருவும் இலைச்சருகும் கலந்துவிடலாம். பிறகு புல்லை வளரவிட வேண்டும். வெட்டிவேர், கல்வாழை போன்றவற்றை ஓரங்களில் நடலாம். வேர்கள் அந்த வேலையைத் தொடர்ந்து செய்யும். இடிபாடுகளைக் கொட்ட எவருக்கும் அனுமதி தரக்கூடாது. கொட்டியிருந்தால் அகற்றிவிட்டே மண்ணைச் சீர்செய்ய வேண்டும். மேலே ஒரு வண்டி செம்மண்ணைப் பரப்பி மறைப்பது பயன் தராது. மேல் மண் எவ்வளவு நல்லதாயினும், நீரின் வேகத்தை முடிவு செய்வது அடியில் உள்ள மிகக் கெட்டியான அடுக்கே. மனையின் நடுப்பகுதியை ஓரங்களைவிட அரை அடி தாழ்வாக வைத்தால், அதன் நீர் அதிலேயே தங்கும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளியே அந்தப் பள்ளம் இருக்க வேண்டும். சாக்கடை நீரை ஒருபோதும் அதற்குள் விடக் கூடாது. பள்ளம் நிரம்பினால் நீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள், ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடம் மனையின் பொறுப்பை ஒப்படைக்கும்போது எல்லைக்கல்லைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதோடு மண்ணையும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், குப்பை அகற்றி மண்ணைக் கொத்திவிட ஆகும் கூலி பெரிய தொகையாகாது.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. முல்லா வீதி, காஜியார் வீதி போன்ற நெருக்கமான தெருக்களில் வீடுகளுக்குள் வெறும் மண்ணைக் காண்பதே அரிது. இத்தகைய பகுதிகளில் எஞ்சியிருக்கும் திறந்த மண், பெரும்பாலும் பள்ளிவாசல் வளாகமும் கபரஸ்தானும்தான். பள்ளிவாசல் முற்றம் முழுவதும் பேவர் பிளாக் பதித்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தொழுகையாளிகள் நடக்கும் பாதைக்கு மட்டும் பதித்து, மற்ற இடத்தை மண்ணாகவும் மரமாகவும் விட்டால் அழகுக்கும் குறைவில்லை, நீருக்கும் வழியுண்டு. கபரஸ்தானை மண்ணாகவே காத்து, வெளிச் சாக்கடை நீர் அதற்குள் புகாமல் பார்த்துக்கொள்வது அடக்கமானவர்களுக்கும் மரியாதை. ஐவேளையும் ஒளுச் செய்யும் நீர் சோப்புக் கலவாதது. அதைச் சாக்கடையில் சேர்க்காமல் வாழை, தென்னை நட்ட பாத்திகளுக்குத் திருப்பலாம். மழைக்கு முன் ஒரு ஜும்ஆ நாளில், மஹல்லாவில் உள்ள காலி மனைகளின் பட்டியலை ஜமாஅத்தே எடுத்து, உரிமையாளர்களுக்குத் தகவல் சொன்னால், அந்த ஒரு செயலே பல வீடுகளைக் காக்கக்கூடும்.

நகராட்சிக்கும் நாம் கேட்க வேண்டியவை உள்ளன. சாலையை மேலும் மேலும் உயர்த்தாமல் சுரண்டிவிட்டுப் போடுவது, வாய்க்கால்களை மழைக்கு முன் தூர்வாருவது, புதிய மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கென ஒதுக்கிய இடத்தைத் தளமிடாமல் காப்பது ஆகியவை அரசின் கடமைகள். சென்னை மாநகராட்சி, பூங்காக்களில் பள்ளம் அமைத்து மழைநீரை இறக்கும் 'ஸ்பாஞ்ச்' பூங்காக்களை உருவாக்கியிருக்கிறது. புதுச்சேரியின் பூங்காக்களிலும் அதைச் செய்யலாம். இவற்றைக் கேட்கும் உரிமை, தன் மனை மண்ணைச் சரியாக வைத்திருப்பவனின் வாயில் இன்னும் அழுத்தமாக ஒலிக்கும்.

நபி (ஸல்) அவர்கள் தாம் கொண்டுவந்த நேர்வழியையும் கல்வியையும் பெருமழைக்கு ஒப்பிட்டார்கள். அந்த உவமையில் மூன்று வகை நிலங்கள் வருகின்றன. ஒன்று நீரை உறிஞ்சிப் பயிர்பச்சையை விளைவித்தது. மற்றொன்று உறிஞ்சாவிட்டாலும் நீரைத் தேக்கி வைத்தது. மக்கள் அதிலிருந்து குடித்தார்கள், கால்நடைகளுக்குப் புகட்டினார்கள், பயிர் செய்தார்கள். மூன்றாவது நிலம் நீரைத் தேக்கவும் இல்லை. எதையும் முளைப்பிக்கவும் இல்லை. அவர்கள் பேசியது மனித உள்ளங்களைப் பற்றி. ஆயினும், அந்த உவமை நிற்பது மண்ணின் குணத்தை நுணுகிக் கண்ட பார்வையின் மீது. நம் பெயரில் பத்திரம் பதிவான மனை அம்மூன்றில் எந்த வகை என்பதை, அடுத்த வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் நாம் ஒவ்வொருவரும் போய்ப் பார்த்துவிட வேண்டும். நிலம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் விழும் மழையும் அப்படியே. அண்டை வீட்டார் அச்சமின்றி உறங்கும் மழை இரவுகளை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.